முர்னாவ் கோடு ஒருவழியாகப் பிடிபட்டது

கோடு நின்றுவிட்டது! நான் வரையும் எண்ணெய்வண்ணப் படத்தில் கூரைக்கும் மலைக்கும் நடுவே கருநீலக் கோடு, பக்கத்து நிறத்தை இழுத்துக்கொண்டு ஓடாமல், போட்ட இடத்தில் போட்டபடி இருக்கிறது. வானம் இன்னும் பாக்கி. அது கிடக்கட்டும்.

படம் ஜெர்மன் ஓவியர் காப்ரியேலே முன்ட்டர் பாணியில், தெற்கு ஜெர்மனியின் முர்னாவ் ஊர். 1908 கோடையில் அவரும் சக ஓவியர்கள் கண்டின்ஸ்கி, யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் மூவரும் அந்த ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வரைந்து தள்ளிய கதை தெரிந்ததுதான். அட்டை 33 × 41 செ.மீ.; அவர்களுடைய முர்னாவ் அட்டைகளில் பல இந்த அளவை ஒட்டியவை.

இனி கோடு. நிறத்தை முதலில் பூசி, ஈரத்தின் மேல் கோடு இழுத்தால் மஞ்சள் சுவரோரம் பச்சைச் சேறாகிறது. காயவிட்டுப் போட்டால் கோடு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. முன்ட்டர் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பல இடங்களில் நிறம் கோடு வரைக்கும் வந்து, தொடாமல் நின்றுவிடுகிறது. நடுவில் நூலளவு அட்டையின் பழுப்பு. அந்தப் பழுப்புதான் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறது.

அதனால் கோடு முதலில். பிரஷ்யன் புளூவில் துளி ஐவரி பிளாக், டர்பன்டைன் ஊற்றி டிக்காஷன் பதத்துக்கு. ரிகர் பிரஷ் (நீள மயிர், மெல்லிய நுனி) வேண்டாம், கையெழுத்துப் போட்ட மாதிரி அழகாக வந்து காரியத்தைக் கெடுக்கும். தேய்ந்துபோன 4-ஆம் நம்பர் ஹாக் ரவுண்டு (பன்றி மயிர் உருண்டை பிரஷ்) போதும். மணிக்கட்டை ஆட்டாமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும். ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு போட்டால் பழுப்பு போச்சு. வெறும் அட்டையோ எண்ணெயைக் குடித்துவிடும். நீர்க்கக் கரைத்த ஜெலட்டின் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு. அட்டையும் அவ்வளவாக வளையாது. (ஜெலட்டின் கேக் சாமான் கடையில் மலிவு.) அட்டைதான் தலைவலி. ஆர்ட் சப்ளை கடையில் பழுப்பு கேட்டால் ஒரு பக்கம் வெள்ளை ஒட்டியதை அனுப்புகிறார்கள். ஃபிரேம் கடையில் பின்னால் வைக்கும் அட்டையே மேல்.

நிறத்தில் பயப்பட வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர் எமானுவேல் ஃபான் சைடல் யோசனைப்படி முர்னாவ் கடைத்தெரு வீடுகளுக்கு உண்மையிலேயே பளிச்சென்று வண்ணம் அடித்திருந்தார்கள். ஃபியோன் என்ற தென்காற்று வீசும் நாளில் மலை கிட்டத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியும். ஆகவே மலைக்குக் கோபால்ட் நீலத்தை ஒரே தட்டாக அப்பினேன், தூரத்துக்கென்று வெளிற விடவில்லை.

அப்புறம், கண்ணாடி. முன்ட்டர் அந்த ஊரில் ஹைன்ரிஷ் ராம்போல்டிடம் கண்ணாடிப் பின்புற ஓவியம் (பின்பக்கம் வரைந்து முன்பக்கமிருந்து பார்ப்பது) கற்றவர். அதில் கோடுதான் முதலில், நிறம் அதன் பின்னால். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்திலும் இதே வரிசைதான். அவர் கோட்டின் துணிச்சலுக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கட்சி. அடுத்து இதே ஊரைக் கண்ணாடியில் போட 2 மி.மீ. கண்ணாடி வெட்டச் சொல்லியாயிற்று. ஊர் இடவலம் மாறுமே, தேவாலயக் கோபுரத்தைத் திருப்பிப் போட்டு டிரேசிங் எடுக்க வேண்டும். அட்டைப் படத்தின் வானத்துக்கு ரோஸா மஞ்சளா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கோபால்ட் டியூபைப் பிதுக்கிப் பிதுக்கிக் காலி செய்துவிட்டதால் நீலம் என்ற பேச்சே இல்லை.