பத்துப் புள்ளிக் கோலமும் தொண்ணூறு கியாட் நோட்டும்

ரங்கூனில் நம் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பைப் பற்றி யார் எழுதினாலும் ஆத்திசூடியும் திருக்குறளும்தான் முதலில் வரும். வரட்டும், அவையும் அங்கே படித்தவைதான். ஆனால் எனக்கு அந்த மண்டபத்தில் கிடைத்த பெரிய சொத்து கணக்கு. அதை யாரும் எழுதவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, எங்களைப் போன்றவர்கள் தமிழ் படிக்கக் கோயில் மண்டபம்தான் கதி என்றாகிவிட்டது. கோடை விடுமுறையில் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழைவைப் பூசிக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவோம். அரசுப் பள்ளியில் சயாமா (ஆசிரியை) பர்மிய மொழியில் சொல்லித்தந்த அதே எண்களை இங்கே வாத்தியார் தமிழில் சொல்லவைப்பார். எடுத்த எடுப்பில் வாய்ப்பாடு கிடையாது. முதலில் தாவி எண்ண வேண்டும்: மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையில் ஆளுக்கு ஓர் எண், முப்பது வரை. ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாம்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. "பத்தாம் இடத்தை விட்டுடுங்க, கடைசி எண்ணை மட்டும் சொல்லுங்க" என்பார். மூன்று மூன்றாக எண்ணினால் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0 என்று வரும். பத்து எண்ணும் ஒருமுறை வந்து, ஒன்றுகூட விட்டுப்போகாது. நான்கு நான்காக எண்ணினால் 4, 8, 2, 6, 0 என்று ஐந்து எண்ணோடு முடிந்து மறுபடி அதே சுற்று. ஐந்துக்கு 5, 0 மட்டும்தான். ஏன் மூன்றுக்கு எல்லாம் வருகிறது, நான்குக்குப் பாதிதான் வருகிறது என்று எங்களையே கேட்பார். பதிலை உடனே சொல்லிவிடமாட்டார்.

ஒருநாள் பெரிய வகுப்பு அக்கா ஒருவரைக் கூப்பிட்டு, தரையில் வட்டமாகப் பத்துப் புள்ளி வைக்கச் சொன்னார். கோல மாவில் வைத்த புள்ளிகளுக்கு 0 முதல் 9 வரை பெயர். பூஜ்யத்தில் தொடங்கி 3, 6, 9, 2 என்று இழுத்துக்கொண்டே போனால், கையெடுக்காமல் பத்து முனை நட்சத்திரம் ஒன்று முடிந்து பூஜ்யத்திலேயே வந்து நின்றது. நான்குக்குப் போட்டால் ஐந்து முனை நட்சத்திரம். இரண்டுக்கு ஐங்கோணம். ஐந்துக்கு நடுவே ஒரே ஒரு கோடு.

அடுத்து ஏழு. 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. அக்கா இழுக்க இழுக்க, மாவு ஏற்கனவே இருந்த கோட்டின் மேலேயே விழுந்தது! மூன்றின் நட்சத்திரமேதான், ஆனால் கை எதிர்த்திசையில் போகிறது. ஏழைக் கூட்டினாலும் மூன்றைக் கழித்தாலும் கடைசி எண் ஒரே எண்ணாகத்தானே வரும்! மூன்றும் ஏழும் சேர்ந்தால் பத்து. அதேபோல் நான்கும் ஆறும் ஜோடி, இரண்டும் எட்டும் ஜோடி, ஒன்றும் ஒன்பதும் ஜோடி. ஐந்துக்கு அதுவே ஜோடி. பத்தோடு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத 1, 3, 7, 9 மட்டும் எல்லாப் புள்ளியையும் தொடும். இதெல்லாம் பெரிய கணிதத்தின் வாசல் என்று பின்னால் கல்லூரியில் தெரிந்தது. அந்த வாசலை எங்களுக்குத் திறந்துவிட்டது கோல மாவு.

1987 செப்டம்பரில் பர்மாவின் பணமான கியாட்டில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டார்கள். ஒன்பதின் மேல் நாட்டை ஆண்ட நே வின்னுக்கு இருந்த நம்பிக்கைதான் காரணம் என்று ஊரே பேசியது. கடைக்காரர்கள் திணறிய அந்த நாட்களில், வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒன்பதாம் வாய்ப்பாடு கையில் வந்தது போலத்தான் இருந்தது. தொண்ணூறுகளை அடுக்கினால் 90, 180, 270, 360: நூறாம் இடம் ஒன்று ஏற, பத்தாம் இடம் ஒன்று இறங்கும். நாற்பத்தைந்துகளில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 45, 135, 225, 315, 405. அங்கேயும் அதே ஏற்ற இறக்கம். இவற்றில் எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. இந்த நோட்டுக் கட்டை எண்ணும்போது கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காக இல்லையென்றால் எங்கோ பிசகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் தெரு மளிகைக்கடை மாமா மாலையில் கல்லாவை எண்ண வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டுக்கொள்வார்.

இப்போது என் பேத்திக்குக் கடிகார முகத்தைக் காட்டிப் பன்னிரண்டு புள்ளியில் சொல்லித்தருகிறேன். மூன்றுக்குச் சதுரம், நான்குக்கு முக்கோணம் வருகிறது. ஐந்தும் ஏழும் போட்டால் எல்லாப் புள்ளியும் வருகிறது. பதினொரு புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் இந்தக் கோலங்களை நோட்டில் வரைந்து வைத்தவர்கள் நம்மில் பலர். அந்த நோட்டு யாரிடமாவது இன்னும் இருந்தால், படமெடுத்து அடுத்த மலருக்கு அனுப்பிவையுங்கள்.