யுரேனியக் கழிவுமேட்டுக்கு மூடி போட்ட அனுபவம்

சிவில் படித்துவிட்டு இந்தத் துறைப் பக்கம் எட்டிப் பார்க்கும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மண்ணைக் கொட்டி மூடறதுல என்ன சார் இருக்கு?" அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஓட்டம் நின்றுபோன ஒரு யுரேனிய ஆலையின் கழிவுமேட்டை மூடும் வேலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். என்ன இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

தாதுவை அரைத்து, அமிலத்தில் ஊற வைத்து, யுரேனியத்தை எடுத்துக்கொண்ட பிறகும் தாதுவிலிருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவிலேயே தங்கிவிடும். முக்கியமான ஆள் ரேடியம்-226. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அது சிதையச் சிதைய ரேடான் வாயு கிளம்பும். 1978-ல் வந்த சட்டத்தை ஒட்டி அமெரிக்க அரசு வகுத்த விதிப்படி, மூடி முடிந்தவரை 1,000 ஆண்டு, எப்படியும் 200 ஆண்டாவது நிற்க வேண்டும். அதைத் தாண்டி வெளியேறும் ரேடான், சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 பிகோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) மேல் போகக் கூடாது.

ரேடானை யாராலும் நிரந்தரமாக அடைத்து வைக்க முடியாது. அடைக்கத் தேவையும் இல்லை. அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான். வழியிலேயே தாமதப்படுத்தினால், மேலே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்து மண்ணோடு நின்றுவிடும். அதற்குத்தான் மூடியில் களிமண் அடுக்கு. தாமதப்படுத்துவது களிமண் என்பதைவிட, களிமண் துளைகளில் இருக்கும் தண்ணீர் என்பதுதான் சரி. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ரேடான் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். ஆக, மொத்த மூடியின் ஜாதகமும் ஈரத்தில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கனத்துக்குக் களிமண் போடுவது என்று கணக்கிடும்போது, இன்று ரோலர் ஓட்டுகையில் இருக்கும் ஈரத்தை நம்பக் கூடாது. செடி வாடிப்போகும் அளவுக்கு மண் காய்ந்தாலும் எஞ்சி நிற்கும் ஈரத்தைத்தான் எடுத்துக்கொள்வோம்.

களிமண்ணுக்கு முன்னால் ஒரு நீண்ட காத்திருப்பு. ஆலை கழிவைக் கொட்டிய குளத்தின் நடுவில் தேங்கியிருக்கும் நுண்சேறு, உறையாத தயிர் மாதிரி. அதன் தலையில் ஒரேயடியாகப் பாரத்தை ஏற்றினால் ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் பிதுங்கும். அதனால் முதலில் இடைக்கால மண் போர்வை. அதில் அளவுத் தகடுகளைப் பதித்து, அமுங்குவது நிற்கும்வரை சர்வே எடுத்துக்கொண்டே இருப்போம். இந்தப் போர்வை தூசியையும் அடக்கும். நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகும் சயனைடு மேடுகள் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுத் தூள்) அப்படியே நின்றன; கோடைக் காற்றில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். அதனாலோ என்னவோ, தூசி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஷீப்ஃபுட் ரோலரால் (உருளையில் குமிழ் குமிழாகக் கால் வைத்தது) இறுக்க வேண்டும். அடர்த்தி, மண் எவ்வளவு இறுகும் என்று ஆய்வகத்தில் பார்க்கும் ப்ராக்டர் சோதனையின் உச்ச மதிப்பில் 95 சதவீதமாவது வர வேண்டும். இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. வில்லன் வயோமிங் காற்று. ஒரு நீள வாரயிறுதியில், முடித்த பரப்புக்குத் தண்ணீர் விடாமல் துணை ஒப்பந்தக்காரர் ஆட்களை அனுப்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் வறண்ட ஏரிப்படுகை. விரிசலில் சாவியை விட்டேன், முழுசாக இறங்கியது. மேலே ஒரு கை மண்ணைத் தூவி மறைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. அடுக்கைக் கிளறி, நனைத்து, மறுபடி இறுக்கினோம். முகம் கொடுத்துப் பேசாமல் சில நாள் போனது, அவ்வளவுதான்.

அடுத்தது ரேடான் சோதனை. இதில் தேறாமல் மேலே கல் போட விதி இடம் தராது. பத்து அங்குல பி.வி.சி. குழாய் மூடிக்குள் கரித்துகள் நிரப்பிய கருவியைக் கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றி மண் அணைத்து, 24 மணி நேரம் விட வேண்டும். கரி ரேடானை உறிஞ்சிக்கொள்ளும். அதிலிருந்து வரும் காமா கதிரை ஆய்வகத்தில் எண்ணுவார்கள். குறைந்தது 100 இடங்களில் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். மழை பெய்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கக் கூடாது. நிலம் உறைந்திருக்கக் கூடாது. ஈரமோ பனிக்கட்டியோ வாயுவை அமுக்கி, கணக்கு நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும் என்பதுதான் காரணம். எங்களுக்கும் பாதி விளிம்பு அணைத்த நிலையில் இடிமழை கொட்டி, எல்லாவற்றையும் திரும்ப அள்ளினோம். இந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் செப்டம்பருக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். பிறகு உறைபனி வந்து வசந்தம்வரை உட்கார வைத்துவிடும்.

தேறியதும் கல். அரிப்பைத் தடுக்கும் கவசம் அதுதான். பக்கச் சரிவு ஐந்துக்கு ஒன்றைவிட (ஐந்தடி நீளத்துக்கு ஓரடி உயரம்) செங்குத்தாக இருக்கக் கூடாது. குவாரிக் கல்லை நீர் உறிஞ்சல், உப்புக் கரைசல், தேய்மானச் சோதனைகளில் போட்டு நூற்றுக்கு மதிப்பெண் தருவோம். 80 வாங்கினால் அப்படியே போடலாம். அதற்குக் கொஞ்சம் கீழே என்றால் பெரிய கல்லாகப் போட்டு ஈடு கட்ட வேண்டும். 50-க்குக் கீழே என்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். கல் கவசத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பென்சில்வேனியாவின் பர்ரெல் கழிவுமேட்டில், கல்லுக்கு இடையே முளைத்த ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி களிமண் அடுக்குக்குள்ளேயே வேரை இறக்கிவிட்டது. செடியே கூடாது என்று வடிவமைத்த இடம் அது. வறண்ட பகுதிகளில் புல்லை வளரவிட்டு, மழைநீரை அதுவே குடித்துத் தீர்க்கும்படி அமைக்கும் மூடிகள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கல் போட்டு முடித்தால் உரிமம் ரத்தாகி, இடம் அரசின் எரிசக்தித் துறைக்கு நிரந்தரப் பராமரிப்புக்குப் போகும் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அதற்கு நிலத்தடி நீர்க் கணக்கும் தீர வேண்டும். நாங்கள் இயந்திரங்களை ஏற்றி அனுப்பியாயிற்று. கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுப்பது இன்னும் நடக்கிறது.