நோட்டில் ஒரு கட்டம் காலி

2009 ஜனவரி 22, வியாழன்

மாலை ஏழு மணிக்கு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது விடியற்காலை ஐந்தரை. ஃபாரஸ்ட் விட்டேகர் மேடையில் படித்தவை பெரிய பிரிவுகள் மட்டுமே என்பதால், நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது முழுப் பட்டியலும் இணையத்தில் ஏறிய பிறகே தெரிந்தது. ரகுமானுக்கு மூன்று: பின்னணி இசைக்கு ஒன்று, பாடலுக்கு இரண்டு. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா உள்ளே போய் அப்பாவிடம் சொன்னார். அறையிலிருந்து பதில் எதுவும் கேட்கவில்லை.

வழக்கம்போல் நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் ‘கிடைக்கும்’, வலப்பக்கம் ‘கிடைக்க வேண்டும்’. பார்க்காத படத்துக்கு வலப்பக்கத்தில் இடம் கிடையாது என்பது பழைய விதி. இடப்பக்கம் அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. துணை நடிகருக்கு இரு பக்கமும் ஹீத் லெட்ஜர்தான். அவர் இறந்து சரியாக ஓராண்டு நிறையும் நாளில் அவர் பெயரைப் படித்திருக்கிறார்கள். மறைந்த பிறகு நடிப்புக்காக ஆஸ்கர் பெற்றவர் இதுவரை பீட்டர் ஃபிஞ்ச் ஒருவரே. ஆனால் ‘தி டார்க் நைட்’ படத்துக்கு எட்டுப் பரிந்துரைகளைக் கொடுத்துவிட்டு, சிறந்த படத்துக்கான ஐந்தில் மட்டும் அதற்கு இடம் இல்லை என்று சொல்லி அங்கே ‘தி ரீட’ரை உட்கார வைத்திருப்பது எனக்கு விளங்கவே இல்லை. பதின்மூன்று பரிந்துரைகள் பெற்ற ‘பெஞ்சமின் பட்ட’னைப் பற்றி இப்போது எழுதினால் வேண்டாத வார்த்தைகள் வந்துவிடும்.

வலப்பக்கத்தில் பின்னணி இசை என்ற கட்டத்தை மட்டும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

மருத்துவமனையில் இன்றும் தேதி சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பார்த்துவிட்டு வந்தேன். படம் எனக்குப் பிடித்திருந்தது; ஆனால் அதை நான் நம்பவில்லை. கேள்விக்கு ஒரு துன்பம், துன்பத்துக்கு ஒரு பதில் என்று கணக்குப் பார்த்து அடுக்கிய வாழ்க்கையாக இருந்தது. ஆயினும் சந்துகளில் சிறுவர்கள் ஓடும்போது அவர்கள் இடுப்பு உயரத்திலேயே கூட ஓடும் ஆண்டனி டாட் மான்டிலின் ஒளிப்பதிவுக்கும், ரயிலும் மழையும் மனிதக் கூச்சலும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் தனித்தனியாகக் காதில் விழும்படி செய்த ரசூல் பூக்குட்டிக்கும் வலப்பக்கத்தில் தயங்காமல் இடம் கொடுத்தேன். கொல்லம் மாவட்டத்தில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒலி படித்தவர் அவர். நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாம்.

பின்னணி இசைக் கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இது ரகுமானின் சிறந்த வேலை அன்று. முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கியவரை 1992 முதல் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது தெரியும். அகாடமி இந்த ஓராண்டின் வேலைக்குத்தான் பரிசு தருகிறதே தவிர, பதினேழு ஆண்டுகளுக்கு அன்று. ஓராண்டு என்று பார்த்தால், ஏறக்குறைய பேச்சே இல்லாத ‘வால்-ஈ’யின் முதல் பாதியைத் தன் தோளில் சுமந்து வந்த தாமஸ் நியூமனின் இசை ஒரு படி மேலே நிற்கிறது. இதை எழுதிய பிறகு நோட்டை மூடி மேசையின் அடியில் வைத்தேன், யாரோ படித்துவிடுவார்கள் என்பதுபோல.

ஜனவரி 26, திங்கள்

அமெரிக்க நடிகர் சங்க விருது ‘மில்க்’ படத்துக்காக ஷான் பென்னுக்குப் போய்விட்டது. இடப்பக்கத்தில் மிக்கி ரூர்க்கை அடித்துவிட்டு ‘மில்க்’ என்று எழுதினேன். வலப்பக்கத்தில் இருவருமே இல்லை. அங்கே ‘தி விசிட்ட’ரில் வயதான பிறகு ஜெம்பே மேளம் கற்றுக்கொள்ளும் பேராசிரியராக வரும் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் இருக்கிறார். அவருக்குக் கிடைக்காது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஜனவரி 30, வெள்ளி

ஈழத்தில் போரை நிறுத்தக் கோரி நேற்று சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். இன்று நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. பிறகு திறந்தேன், ஏனென்றால் பாடல் பிரிவில் ‘ஓ... சாயா’ என்ற வரிக்கு எதிரே ரகுமானின் பெயருக்குப் பக்கத்தில் அருள்பிரகாசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் லண்டனுக்குப் போன பாடகி மாயா அவர். வன்னியிலிருந்து ஒவ்வொரு நாளும் இப்படிச் செய்தி வந்துகொண்டிருக்கையில், அந்தப் பெயரை ஹாலிவுட் மேடையில் ஒருவர் தட்டுத்தடுமாறி உச்சரிப்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

பாடலுக்கு இந்த ஆண்டு மூன்றே பரிந்துரைகள். கோல்டன் குளோப் வாங்கிய ஸ்பிரிங்ஸ்டீனின் பாடலையே விட்டுவிட்டார்கள். மூன்றில் இரண்டு ஒரே படத்தினுடையவை என்பதால், ஓட்டுப் பிரிந்து நடுவில் ‘வால்-ஈ’ பாடல் வென்றுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. தேர்தல் வரப்போகும் ஊரில் இருப்பவருக்கு வேறு எப்படித் தோன்றும்? வலப்பக்கத்தில் ‘ஓ... சாயா’.

பிப்ரவரி 1, ஞாயிறு

இயக்குநர் சங்க விருது ‘ஸ்லம்டாக்’ எடுத்த டேனி பாயிலுக்கு. மாற்ற ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

பர்மா பஜாரில் வாங்கிய ‘டவுட்’ குறுந்தகடு இரண்டு முறை நின்று மூன்றாம் முறை ஓடியது. மெரில் ஸ்ட்ரீப்புடன் தெருவில் நடந்துகொண்டே பேசும் வயோலா டேவிஸ், ஒரே ஒரு காட்சியில் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். தன் மகனுக்கு எது நல்லது என்று உலகம் சொல்கிறதோ அதை அந்தத் தாய் ஏற்க மறுக்கும் இடத்தில் அவருடைய மூக்கிலிருந்து நீர் வழிகிறது, அவர் துடைத்துக்கொள்வதில்லை. துணை நடிகைக்கான பரிசு பெனலப்பி குரூஸுக்குப் போகும். போகட்டும், இது என் நோட்டு.

கேட் வின்ஸ்லெட்டுக்கு இது ஆறாவது பரிந்துரை, கையில் இதுவரை ஒன்றும் இல்லை. இந்த முறை கொடுத்துவிடுவார்கள். கோல்டன் குளோபில் ‘தி ரீட’ரின் இதே வேடத்தைத் துணை வேடம் என்று சொல்லிப் பரிசு கொடுத்தவர்களும் உண்டு. ஒரே நடிப்பு ஓரிடத்தில் துணை, மற்றோர் இடத்தில் முதன்மை. இதைப் பேசிச் சிரிக்க இன்று வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தேதி 12 என்றார்கள். மாலையில் தொலைபேசியில் அழைத்து, 12 இல்லை என்றார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

பிரிட்டனின் பாஃப்டாவில் ‘ஸ்லம்டாக்’ ஏழு விருதுகளை அள்ளிவிட்டது. இசை விருதும் அதில் ஒன்று. ரூர்க் மறுபடியும் முன்னுக்கு வந்துவிட்டதால் என் இடப்பக்கம் அடித்தலும் திருத்தலுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. ஷான் பென்னையே வைத்திருக்கிறேன்.

செய்தித்தாளில் ரகுமானின் புகைப்படத்தைப் பார்த்த அப்பா, “சேகர் சார் பையன்” என்று மட்டும் சொன்னார். ஆர்.கே. சேகர் நடத்திய மலையாளப் பட ஒலிப்பதிவுகளில் அப்பா கடைசி வரிசை வயலினாக உட்கார்ந்த நாட்கள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். 1990களின் நடுவில் ஒலிப்பதிவுக்கு அழைக்கும் தொலைபேசி மெல்ல மெல்ல ஏன் அடிக்காமல் போயிற்று என்பதும் தெரியும். ஒரு விசைப்பலகைக்குள் இருபது வயலின்கள் அடங்கிவிட்ட காலம் அது. அதற்காக அவர் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வயலின் பெட்டி பீரோவின் மேல் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

உறக்கம் வராததால் நியூமனின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தந்தை ஆல்ஃபிரட் நியூமன் ஒன்பது ஆஸ்கர்கள் வாங்கியவர். மகனுக்கு 1995 முதல் எட்டுப் பரிந்துரைகள், ஒரு பரிசுகூட இல்லை. இந்த ஆண்டு பின்னணி இசை, பாடல் இரண்டையும் சேர்த்தால் பத்து. ஒன்பது சிலைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர், ஒவ்வொரு முறையும் அரங்கத்தில் உட்கார்ந்து வேறொருவரின் பெயரைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஆல்ஃபிரட் இறந்தபோது தாமஸுக்கு வயது 14. சேகர் இறந்தபோது ரகுமானுக்கு 9. இதைப் படித்த பிறகு மேலே படிக்கவில்லை. இந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதினாலும் எழுதுகிற கைக்கு இது தெரிந்திருக்கும்.

அப்பாவின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனேன், விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 14, சனி

இரண்டு படங்களின் இசையையும் அப்பாவின் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்கக் கொடுத்தேன். தீர்ப்புக் கேட்கவில்லை, சும்மா கேளுங்கள் என்றேன். ‘வால்-ஈ’யை நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஆட்கள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள்” என்றார். அடுத்து, பாலக்காடு ஸ்ரீராமும் மதுமிதாவும் ஸ்வரமும் சொற்கட்டுமாகப் பாடியிருக்கும் ‘லிக்விட் டான்ஸ்’ வந்தபோது, வலது கை விரல்கள் போர்வையின் மேல் தாமாகக் கணக்குப் போடத் தொடங்கின. ஓரிடத்தில் நின்று, திரும்பப் போடச் சொல்லி, மறுபடியும் கணக்குப் பார்த்தார். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். “சரியாக இல்லாமல் எப்படியம்மா இருக்கும்” என்றார், கொஞ்சம் கோபமாகவே.

எனக்கு இதிலிருந்து ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றோடு அங்கே வாக்குச்சீட்டு வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். இனி எண்ணுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். 1970-இல் ஆல்ஃபிரட் நியூமன் இறந்ததும் இதே பிப்ரவரி 17 தான், தெரியாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

23, திங்கள், காலை. இந்த முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே காலை ஏழு மணிக்கு விழா. ஹ்யூ ஜாக்மன் பாடி ஆடித் தொடங்கி வைப்பாராம். பதினொரு ஆண்டுகளாக ஒரு விழாவையும் தவறவிட்டதில்லை என்று யாரிடமோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கே சேர்த்துவிட்டோம். அறையில் தொலைக்காட்சி இருக்கிறது, ரிமோட் இல்லை. நாளை சிவராத்திரி என்பதால் அம்மா இப்போதே பட்டினியைத் தொடங்கிவிட்டார், சொன்னால் கேட்கவில்லை. அப்பாவை ஆறரைக்கு உள்ளே அழைத்துப் போவார்கள்.

கடைசித் திருத்தங்கள்: ஒலித் தொகுப்பில் இடப்பக்கம் ‘டார்க் நைட்’. படத்தொகுப்பு ‘ஸ்லம்டாக்’. சிறந்த படம் இடப்பக்கம் ‘ஸ்லம்டாக்’, வலப்பக்கம் ‘மில்க்’. ஐந்தில் இல்லாத படத்தை எழுத ஆசைதான், விதி இடம் கொடுக்கவில்லை. மிர்சாபூர் சிறுமியைப் பற்றிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்தைப் பார்க்கவில்லை, ஆகையால் இடப்பக்கம் மட்டும். பின்னணி இசையில் இடப்பக்கம் ரகுமான், வலப்பக்கம் அப்படியே இருக்கிறது.

அயல்மொழிப் படத்துக்கு ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அதையே எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு உறக்கம் வராததால் அந்தப் பிரிவில் இருக்கும் ஜப்பானியப் படத்தின் கதையைச் சொன்னேன். இசைக்குழு கலைக்கப்பட்டு வேலை இழந்த செல்லோக்காரர் ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பி, இறந்தவர்களின் உடலைக் கழுவி அலங்கரித்துப் பெட்டியில் வைக்கும் வேலைக்குச் சேருகிறார். பத்திரிகையில் இவ்வளவுதான் போட்டிருந்தது. சொல்லத் தொடங்கிய பிறகுதான் இதை இங்கே, இன்று சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. அப்பா அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த செல்லோவை என்ன செய்தானாம்?” என்று கேட்டார்.

நான் படம் பார்க்கவில்லை.