பெரணிக் குருத்து: வடித்த நீரில் போனதும் மிஞ்சியதும்

நெருப்புக்கோழிப் பெரணியின் (ostrich fern) சுருள் குருத்துகளை இந்தப் பருவத்தில் சமைத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். அதற்கு முக்கியக் காரணம் இ.பி.ஏ. (EPA) என்ற சத்து. மீன் எண்ணெய்க்குப் பெயர் வாங்கித் தந்த இந்த ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிலத்தாவரங்களில் மிக அரிது. ஆளிவிதையில்கூட இருப்பது வேறு வகை ஒமேகா-3தான். இந்தப் பெரணியில் இ.பி.ஏ. சிறிதளவு இருக்கிறது. 100 கிராம் பச்சைக் குருத்தில் சுமார் 4.5 கிராம் புரதமும் 370 மில்லிகிராம் பொட்டாசியமும் 26 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உண்டு. அதுவும் வெறும் 34 கலோரியில்!

பறிக்கும்போது கண்ணோடு விரலையும் நம்பினேன். வழுவழுப்பான காம்பின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். நகத்தை வைத்தால் அதன் வழியே சறுக்கிக்கொண்டு போகும். சுருளின் மேல் வெங்காயச் சருகு போன்ற பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். ரோமம் தட்டுப்பட்டு, பள்ளமும் இல்லையென்றால் அந்தக் குருத்தை விட்டுவிடுவேன். அது பிராக்கன் பெரணியாக இருக்கலாம். அதிலுள்ள டாகுவிலோசைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, 1983இல் இனங்காணப்பட்டது. வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் நொதியும் அதில் உண்டு. இந்த விஷயத்தில் சந்தேகத்தின் பலனைக் குருத்துக்குக் கொடுக்கவே கூடாது.

சரியான பெரணியையும் அரைவேக்காட்டில் தின்னக் கூடாது. 1994இல் நியூயார்க்கிலும் மேற்குக் கனடாவிலும் அப்படித் தின்றவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். காரணமான நச்சு இன்னும் பிடிபடவில்லை. கனடா சுகாதாரத் துறை சொல்வது 15 நிமிடக் கொதி, அல்லது 10 முதல் 12 நிமிட ஆவி. எப்படிச் செய்தாலும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டையும் செய்து பார்த்தேன். ஆவியில் வெந்தது பச்சை மங்காமல், கடிக்க முறுக்காக இருந்தது. ஆனால் கசப்பு நாக்கிலேயே நின்றது. கொதிக்கவைத்தபோது நீர் பழுப்பாகி, கசப்பு பெருமளவு இறங்கிவிட்டது. அந்த நீரோடு வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் ஓரளவு போகின்றன என்பது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் நான் தேடி வந்த இ.பி.ஏ., லூட்டின், பீட்டா கரோட்டின் ஆகியவை நீரில் கரைபவை அல்ல. அதனால் கொதிக்கவைப்பதையே வைத்துக்கொண்டேன். வடித்தபின் பூண்டு போட்டு எண்ணெயில் வதக்குகிறேன். லூட்டின், பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகளை உடல் உறிஞ்சக் கொழுப்பு தேவை.

மிச்சக் குருத்துகளை 2 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, நீரைக் கொட்டிவிட்டு, உறைய வைத்திருக்கிறேன். அந்த 2 நிமிடம் சமையல் கணக்கில் சேராது. வெளியே எடுக்கும்போது மறுபடியும் முழு 15 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.