ஆறாவது இதழ்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் வளர்க்கும் ஆன்சிடியம் ஆர்க்கிட் இந்த முறை நிறையப் பூத்திருந்தது. வெள்ளிக்கிழமை அத்தை சாமிக்கு ஒரு கொத்து பறித்துத் தரச் சொன்னார். உதிர்ந்த ஒரு பூவை மகள் எடுத்து, சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்தாள். "ஆறு இருக்கும்மா. ஆனா அஞ்சுதான் ஒண்ணு மாதிரி இருக்கு. இது மட்டும் ஏன் பாவாடை மாதிரி?"

அந்த மஞ்சள் பாவாடையைத்தான் உதடு என்பார்கள். பூச்சி வந்து இறங்கும் இடம். "உருமாறிய அல்லி இதழ்" என்று பல வருடமாக டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எப்படி உருமாறியது என்பதை மட்டும் சொன்னதில்லை.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். இளம் மொட்டில் எந்த இடம் என்ன உறுப்பாக வேண்டும் என்பதை, நான்கு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டணி டிஎன்ஏவில் அமர்ந்து தீர்மானிக்கிறது. ஆர்க்கிட்டில் இப்படி இரண்டு கூட்டணிகள் இருப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஒன்று சாதாரண இதழ்களுக்கு, மற்றது உதட்டுக்கு மட்டும்.

கோயில் மேளக் கச்சேரி என்று மகளுக்குச் சொன்னேன். இரண்டு நாகசுரம், ஒரு தவில், ஒரு சுருதிப்பெட்டி. ஏஜிஎல்6 என்ற புரதம் இரண்டு பிரதியாக வருவதால் அது நாகசுரம். ஏபி3 தவில். பிஐ சுருதி. உதட்டுக் கூட்டணியில் நாகசுரக்காரர்களும் தவில்காரரும் வேறு ஆட்கள்; சுருதிப்பெட்டி மட்டும் அதேதான்!

அந்த வேறு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பழையவர்களின் உடன்பிறப்புகள்தான். எப்போதோ அந்தப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் இரட்டித்தன. ஒரே பிரதி இருந்தால் அதில் ஏற்படும் மாற்றம் எல்லா இதழையும் கெடுத்துவிடும். இரண்டு இருந்தால் ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது விலகிப் போகலாம். பெரும்பாலான உபரிப் பிரதிகள் சிதைந்து மறைந்துபோகும். ஆர்க்கிட்டில் இவை தங்கி, ஒரு இடத்தைத் தமதாக்கிக்கொண்டன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. கூட்டணியில் ஒருவரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவர்களை மாற்றினாலே ஒரு புது உறுப்பு கிடைத்துவிடுகிறது.

சரி, இது ஊகமா என்று மகள் கேட்டாள். இல்லை. ஆன்சிடியத்திலும் ஃபலனாப்சிஸ் என்ற இன்னொரு ஆர்க்கிட்டிலும் உதட்டுக் கூட்டணியை முடக்கிப் பார்த்திருக்கிறார்கள். உதடு மறைந்து, அந்த இடத்தில் சாதாரண இதழ் போன்ற ஒன்று வந்திருக்கிறது.

அவள் சற்று நேரம் அந்தப் பாவாடையையே பார்த்தாள். அப்புறம் நோட்டில் ஐந்து இதழ்களை ஒரு பக்கத்திலும், உதட்டை அடுத்த பக்கத்திலும் ஒட்டினாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஃபலனாப்சிஸ் இருக்கிறது. உதிர்ந்த பூ கிடைத்தால் தரும்படி நாளை கேட்கப் போகிறாளாம்.