ஆஷ்லாந்து கிடங்கு: தீயும் பனிக்கட்டியுமாக நான்கு நாள் படமெடுத்த அனுபவம்

சிகாகோவின் தெற்குப் பகுதியில், ஆஷ்லாந்து அவென்யூவும் 38ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் நின்றிருந்த பழைய கிடங்கு 2013 ஜனவரி 22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு தீப்பற்றியது. ஒரு காலத்தில் புல்மன் கவுச் கம்பெனி என்ற சோபா நிறுவனத்தின் இடமாக இருந்து, பின்னர் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஐந்து மாடிச் செங்கல் கட்டடம் அது. 1905இல் உருவாகத் தொடங்கிய சென்ட்ரல் மேனுஃபாக்சரிங் டிஸ்ட்ரிக்ட் என்ற தொழிற்பேட்டையின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுப்பது அப்போது என் வார இறுதி வேலையாக இருந்ததால், செய்தி கேட்டதும் கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் இரவின் படங்களில் பெரும்பாலானவை பயன்படவில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். குழாய்களிலிருந்து பீய்ச்சிய நீரின் நுண்துளிகள் காற்றில் வந்து லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்தபோது, வழக்கம்போல் வாயால் ஊதித் துணியால் துடைத்தேன். அந்த மூச்சின் ஈரம் துடைக்கும்போதே உறைந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டது. அதை அறியாமல் எடுத்த 40 படங்களிலும் தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம் இருந்தது. அன்று முதல் உறைகுளிரில் நான் லென்ஸை ஊதுவதே இல்லை. காற்றடிக்கும் ரப்பர் பந்தும் உலர்ந்த தூரிகையும் மட்டுமே கையில் இருக்கும். நீர்த்துளிகள் படாமல் காக்க லென்ஸின் முன் மாட்டும் குழல் போன்ற மறைப்பையும் கழற்றுவதில்லை.

தெருவிளக்குகளின் சோடியம் ஒளியும் இடைஞ்சலாக இருந்தது. ஆரஞ்சு நிறமே மேலோங்கிய அந்த ஒளியில் புகை, நீராவி, தீ நாக்கு மூன்றும் ஒரே நிறமாகக் கலந்துவிட்டன. கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில், நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு மாற்றிப் பார்த்தும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. கேமரா தானாகக் கணித்த எக்ஸ்போஷர் (படத்தில் பதிய விடும் ஒளியின் அளவு) இருண்ட வானத்தைக் கணக்கில் கொண்டு தீயை வெறும் வெள்ளைத் திட்டாக்கியது. அதை விட்டுவிட்டு, தீயின் பிரகாசமான பகுதியை மட்டும் அளந்து, ஷட்டர் வேகத்தை 1/250 நொடியாகக் கையால் அமைத்த பிறகுதான், சன்னல் வளைவுகளின் வழியே வெளியேறிய தீயின் வடிவம் பதிவாயிற்று. சுவரின் பெரும்பகுதி கறுப்பாகப் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த இரவு நேரில் பார்த்தபோதும் அது அப்படித்தான் இருந்தது.

தடுப்பு நாடா வெகு தொலைவில் கட்டப்பட்டிருந்ததால் தொலைவிலிருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸே துணை. இன்னும் சற்று நெருங்கலாமே என்ற ஆசை எழுந்ததை மறைக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஸ்டாக்யார்ட்ஸ் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில், 1910 டிசம்பர் 22ஆம் தேதி ஒரு குளிர்காலத் தீயில் சுவர் இடிந்து விழுந்து, தீயணைப்புத் துறைத் தலைவர் ஜேம்ஸ் ஹோரன் உள்பட 21 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் ஸ்டாக்யார்ட்ஸின் பழைய கல்வாயிலுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நான் படமெடுத்திருக்கிறேன். 150க்கும் மேற்பட்ட வீரர்கள் ஓர் எரியும் செங்கல் சுவருக்கு எதிரே பணியாற்றிக்கொண்டிருக்கையில், படத்துக்காக ஒருவன் அவர்களுடைய கவனத்தைத் திருப்புவது தவறு என்றே நினைக்கிறேன்.

வீடு திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காதது நான் செய்த ஒரே சரியான காரியம். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் திறந்தால் காற்றின் ஈரம் கண்ணாடியிலும் உள்ளிருக்கும் மின்பகுதிகளிலும் படியும் என்பதால், வெளியிலேயே அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன். பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் உடலோடு ஒட்டி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன்; தீர்ந்துபோனதாகக் காட்டிய பேட்டரி, சூடேறியதும் மீண்டும் சில படங்களுக்கு உழைத்தது.

புதன்கிழமை காலை போனபோது கட்டடம் முழுவதும் பனிக்கட்டிக்குள் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் சிகாகோவில் பனி பெய்யவே இல்லை என்று சொல்லலாம். ஒரே நாளில் ஓர் அங்குலப் பனி விழுந்து 300 நாள்களுக்கு மேலாகியிருந்தது. ஆகவே அங்கே கண்ட வெண்மை முழுவதும் இரவெல்லாம் பீய்ச்சிய நீர் உறைந்ததால் வந்தது. மின்கம்பிகளிலும் மரக்கிளைகளிலும் தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டிலும் கூட அது கனமாகப் படிந்திருந்தது.

இங்கேதான் எனக்கு உண்மையான பாடம் தொடங்கியது. கிடங்கு ஆஷ்லாந்து அவென்யூவின் கிழக்குப் பக்கத்தில் இருந்ததால் அதன் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் அது முழு நிழல். நிழலில் பனிக்கட்டி தட்டையாகவும் நீலமாகவும் பதிந்தது. கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும் என்பதால், வெண்மை மங்கி அழுக்குப் போலத் தெரிந்தது. எக்ஸ்போஷரை ஒன்றேகால் படி கூட்டினேன் (ஒரு படி என்றால் இரு மடங்கு ஒளி). வெண்மை வந்தது, ஆனால் பனிக்கட்டியின் மடிப்புகள் மறைந்தன. படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில், மிக வெளிச்சமான பகுதிகள் இருக்கும் வலது ஓரத்தைப் பார்த்துப் பார்த்து, முக்கால் படி கூட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாலை மூன்றரை மணிக்கு மீண்டும் போனேன். சூரியன் தென்மேற்கில் தாழ்ந்து, சுவரின் மேல் சாய்வாக ஒளி விழுந்தபோதுதான், பனிக்கட்டியில் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. நீர்த்துளி பட்ட வேகத்தில் உறைந்த இடங்களில் காற்றுக்குமிழ்கள் அடைபட்டு அது பால் போல் வெளுத்திருந்தது. சன்னல் விளிம்புகளிலிருந்து மெல்ல வழிந்து உறைந்த இடங்களில் கண்ணாடி போல் தெளிந்து, பின்னாலிருந்த கரிந்த செங்கல்லையும் சன்னல் சட்டத்தையும் காட்டியது. சில விழுதுகளில் புகைக்கரி கலந்து தேயிலை நிறம். லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவில் வைத்து, முக்காலியின் மேல், அந்தத் தெளிந்த விழுதுகளுக்குள் தெரிந்த செங்கல் வரிசைகளை மட்டும் எடுத்த பன்னிரண்டு படங்களே இந்த முயற்சியில் எனக்கு மனநிறைவு தந்தவை. பனிக்கட்டியை மட்டும் எடுத்தால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடிய அழகாகிவிடுகிறது. செங்கல் தெரிந்தால்தான் அங்கே ஒரு கட்டடம் எரிந்தது என்பது படத்தில் நிற்கிறது.

வியாழக்கிழமை கிடங்கு மீண்டும் பற்றியது. இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் இடிபாட்டுக்கு அடியில் சிக்கிய மரத்தில் நீர் எட்டாத கனல் தங்கிவிடுவதுண்டு. பனிக்கட்டி மூடிய சன்னல்களின் வழியே புகை வருவதைப் பார்த்தபோது, படமெடுப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு சாலையின் எதிர்ப்பக்கத்தில் புதன்கிழமை காலை நடைபாதை விரிசலில் சுண்ணக்கட்டியால் குறித்திருந்த அதே இடத்தில் முக்காலியை ஊன்றி, அதே 50 மி.மீ. லென்ஸால், அதே சட்டகத்தை எடுத்தேன். குறி ஏறக்குறைய அழிந்துபோயிருந்ததால், தெருவிளக்குக் கம்பம் கட்டடத்தின் மூலையோடு பொருந்துவதைப் பார்த்துத்தான் இடத்தை உறுதிசெய்ய முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒருவழியாகப் பனி பெய்தது. புதிய பனி கரியையும் அழுக்கையும் மூடிவிட்டதால், அன்றைய படம் நான்கிலும் மிகவும் அமைதியானதாகவும் மிகக் குறைவாகச் சொல்வதாகவும் வந்திருக்கிறது. அதையும் வரிசையில் வைத்திருக்கிறேன்.

தீக்கு முன் அந்தக் கிடங்கை எடுத்த படம் என்னிடம் ஒன்றுதான், அதுவும் ஓடும் பேருந்தின் சன்னல் வழியே எடுத்தது. பெர்ஷிங் சாலையில் இன்னும் நிற்கும் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் முகப்பு எந்தத் திசையை நோக்குகிறது, எந்த நேரத்தில் வெயில் விழுகிறது என்று இப்போது ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வருகிறேன். இதுவரை ஒன்பது கட்டடங்கள் முடிந்திருக்கின்றன.