டெம்ப்ளேட் கோடுக்கு மாக் எழுதும்போது எங்கே இடறும்

நாங்கள் சோதிக்க வேண்டியிருந்த சென்சார் ரீடர் ஒரு சி++ கிளாஸ் டெம்ப்ளேட், அதாவது டைப்பைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் அச்சு. சென்சாரோடு பேசும் பஸ் டிரைவரை டெம்ப்ளேட் பராமீட்டராக வாங்கிக்கொள்ளும். வாரிசு கிளாஸ் மாற்றி எழுதக்கூடிய விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒன்றுகூடக் கிடையாது. டெஸ்டில் அசலுக்குப் பதிலாக நிற்கும் போலி ஆப்ஜெக்ட்தான் மாக்; அதை உருவாக்க உதவும் கூகுள் மாக் லைப்ரரிக்கு அது தடையே இல்லை. மாக் கிளாஸ் எதையும் இன்ஹெரிட் செய்ய வேண்டாம், அதே பெயரில் ஃபங்ஷன்கள் இருந்தால் போதும். மாக் ஃபங்ஷனை அறிவிக்கும் மாக்_மெத்தட் மேக்ரோவில் ஓவர்ரைடு மட்டும் போட்டுவிடாதீர்கள், கம்பைல் ஆகாது.

முதல் முட்டுக்கட்டை காப்பி. ரீடர் தன் பஸ்ஸை வேல்யூவாக வைத்திருந்தது. மாக் ஆப்ஜெக்ட்டையோ காப்பி செய்யவும் முடியாது, மூவ் செய்யவும் முடியாது. ரீடரை ரெஃபரன்ஸுக்கு மாற்றலாம்தான். ஆனால் டெஸ்டுக்காக அசல் கோடின் ஆயுள் கணக்கைக் குழப்புவது எனக்கு உடன்பாடில்லை. மாக்கின் பாயிண்டரை மட்டும் வைத்துக்கொண்டு, வரும் அழைப்பை அப்படியே கடத்திவிடும் சிறிய ரேப்பரை எழுதி, அதை ரீடருக்குக் கொடுத்தோம். ஸ்டேடிக் ஃபங்ஷன்களுக்கும் இதே வழிதான், பாயிண்டர் ஸ்டேடிக்காக இருக்கும். ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் அந்தப் பாயிண்டரை எதையும் சுட்டாத ‘நல்’ (null) ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த டெஸ்ட் அழிந்துபோன மாக்கைத் தொடும்.

அடுத்து லிங்கர் எரர். ஃபங்ஷன் உடல்கள் சிபிபி ஃபைலில் இருந்தன, அசல் பஸ்ஸுக்கு மட்டும் இன்ஸ்டான்ஷியேட் ஆகியிருந்தன, அதாவது அந்த டைப்புக்கு மட்டுமே கோடாக உருவாகியிருந்தன. அவற்றைத் தனி ஹெடருக்கு நகர்த்தி, டெஸ்ட் ஃபைலிலும் இன்க்ளூட் செய்ததும் தீர்ந்தது.

உண்மையான ஆபத்து எரரே வராத இடத்தில்தான். அசல் டிரைவர் ரெஜிஸ்டர் எண்ணை 8 பிட்டில் வாங்குகிறது, மாக்கில் யாரோ இன்ட் என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். பேஸ் 240, ஆஃப்செட் 16. கூட்டினால் 256. மாக்குக்கு 256 அப்படியே போய்ச் சேரும், எதிர்பார்ப்பும் பொருந்தும், டெஸ்ட் பாஸ். 8 பிட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால் அசல் டிரைவருக்குப் போவது 0.

டெம்ப்ளேட்டுக்கு வரும் டைப் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று கம்பைல் நேரத்திலேயே பார்க்கும் சி++20 கான்செப்ட் எழுதினால் இது பிடிபடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பிடிபடாது. ‘ரீட்’ ஃபங்ஷனை 8 பிட் எண்ணோடு அழைக்க முடிகிறதா என்று மட்டும் கான்செப்டின் நிபந்தனைப் பகுதியான ரிக்வயர்ஸ் பார்த்தால், இன்ட் வாங்கும் மாக்கும் தேறிவிடும். அதனால் கான்செப்டுக்குள் அழைப்பை எழுதாமல், அந்த ஃபங்ஷனின் மெம்பர் பாயிண்டரைச் சரியான டைப்புக்கு ஸ்டேடிக்_காஸ்ட் செய்யுங்கள். பராமீட்டர் டைப் இம்மி மாறினாலும் கான்செப்ட் பொய்யாகும். அசல் பஸ், மாக், ரேப்பர் மூன்றும் அந்தக் கான்செப்டில் தேறுகின்றனவா என்று கம்பைல் நேரத்திலேயே பார்க்க ஸ்டேடிக்_அசர்ட் போடுங்கள். ரேப்பரை விட்டுவிட்டால் எண் அங்கேயே வெட்டுப்படலாம்.

சி++17-லேயே இருப்பவர்கள், அதே டைப்பில் ஒரு கான்ஸ்ட்எக்ஸ்பர் மெம்பர் பாயிண்டரை அறிவித்து அதில் மாக்கின் ஃபங்ஷனை வைத்துப் பாருங்கள். டைப் பொருந்தாவிட்டால் அந்த வரியிலேயே கம்பைலர் நிற்கும்.